உப்புக்காற்று, மலைச்சாலை, ஒரு குடும்ப வண்டி: வாசகர் கேள்வி – பதில்

குமரி மாவட்ட வாசகர்கள் எஸ்.யூ.வி. வாங்குவது பற்றி அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், மூட்டுவலியுள்ள அம்மா. ஞாயிற்றுக்கிழமையானால் திற்பரப்பு, பேச்சிப்பாறை, முட்டம் என்று எங்காவது கிளம்பிவிடுவோம். மாதம் ஒரு தடவை மதுரை. டீசல் எடு என்கிறார் அண்ணன். ஹைபிரிட் எடு என்கிறார் மைத்துனர். யார் சொல்வது சரி?
– வாசகர், தக்கலை

உங்கள் ஓட்டத்துக்கு மைத்துனர் சொல்வதுதான் பொருந்துகிறது. பி.எஸ்.6 என்ற புகை மாசு விதிப்படி வரும் டீசல் வண்டி எல்லாவற்றிலும் புகைக்குழாயில் டி.பி.எஃப். என்ற கரிவடிகட்டி இருக்கிறது. எஞ்சினிலிருந்து வரும் கரி அதில் சேர்ந்துகொண்டே வரும். ஓரளவு நிறைந்ததும் வண்டியே கூடுதலாக டீசலை விட்டு, வடிகட்டியை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, அந்தக் கரியை எரித்துவிடும். அதற்கு வண்டி நிற்காமல் 15, 20 நிமிடம் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம், வடசேரி என்று நின்று நின்று போகிற காலை நேரத்தில் அதற்கு எங்கே வாய்ப்பு? எரிப்பு பாதியில் நிற்கும். மறுநாளும் பாதியில் நிற்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக எஞ்சின் ஆயிலில் இறங்கி, ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தால் இதுதான் காரணம். மாதம் ஒரு மதுரைப் பயணம் ஓரளவு காப்பாற்றும் என்பது உண்மை. ஆனாலும் தினசரி ஓட்டம்தான் எஞ்சினின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. தினமும் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் போகிறவருக்கு டீசல் இன்றும் அருமையான எஞ்சின்தான். உங்களுக்கு அப்படி இல்லை.

முழு ஹைபிரிட் என்பது கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் வண்டிகளின் மேல்வகைகளில் கிடைப்பது. இதில் பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் இருக்கும்; அந்த மோட்டார் மட்டுமே வண்டியைச் சிறிது தூரம் இழுக்கும். பிரேக் பிடிக்கும்போது பேட்டரி ஏறும். அதனால் நின்று நின்று போகிற சாலையில்தான் இதன் லாபம் அதிகம். "மைல்டு ஹைபிரிட்" என்று எழுதியிருப்பது வேறு. அதில் மோட்டார் எஞ்சினுக்குச் சின்ன உதவி செய்யுமே தவிர, தனியாக வண்டியை ஓட்டாது. ஷோரூமில் இரண்டையும் ஒரே மூச்சில் "ஹைபிரிட்" என்பார்கள், தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி கணக்கு. ஆண்டுக்கு 18,000 கி.மீ. ஓடும் என்று வையுங்கள். சாதாரண பெட்ரோல் ஆட்டோமேட்டிக் லிட்டருக்கு 13 கொடுத்தால் சுமார் 1,385 லிட்டர். முழு ஹைபிரிட் 20 கொடுத்தால் 900 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால்கூட ஆண்டுக்கு 48,000 ரூபாய் மிச்சம். இரண்டு வகைகளின் ஆன்ரோடு விலை வித்தியாசத்தை 48,000-ஆல் வகுத்துப் பாருங்கள். நான்கு, ஐந்து ஆண்டுக்குள் வித்தியாசம் கழிந்துவிடும் என்றால் ஹைபிரிட். ஏழு எட்டு என்று வந்தால் வேண்டாம். ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் தருகிறார்கள் என்பதால் பேட்டரிப் பயம் அவசியமில்லை. டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அடியில் பேட்டரி இருப்பதால் ஆழம் குறைவு. நான்கு பேரின் மதுரைப் பெட்டிகளும் அம்மாவின் பையும் போகுமா என்று வீட்டுப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தே பாருங்கள்.

விலை எட்டவில்லை என்றால் எலிவேட் சி.வி.டி. (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) அல்லது கிரெட்டா, செல்டோஸ் வண்டிகளின் 1.5 சாதாரணப் பெட்ரோல் சி.வி.டி. போதும். டர்போ இல்லாத நான்கு சிலிண்டர் எஞ்சின்; சிக்கல் குறைவு, எந்த மெக்கானிக்குக்கும் புரியும். எலிவேட்டின் தரை இடைவெளி 220 மி.மீ., டிக்கி 458 லிட்டர். இந்த விலைப் பிரிவில் டிக்கி தாராளம்.

அம்மாவை மறக்க வேண்டாம். அவர் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது இருக்கைத்தளம் அவருடைய இடுப்புக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். அப்போதுதான் ஏறவும் வேண்டாம், குனியவும் வேண்டாம், பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். ஸ்கார்ப்பியோ-என், தார் ராக்ஸ் போன்ற, தனி அடிச்சட்டகத்தின் மேல் உடல் வைத்த வண்டிகளில் ஒரு படி ஏறித்தான் உட்கார வேண்டும். மூட்டுவலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம் என்பதை ஷோரூமிலேயே மூன்று தடவை இறக்கிப் பார்த்தால் தெரியும்.

வீடு குளச்சலில், கடலிலிருந்து நடந்து போகும் தூரம். பழைய காரின் அடிப்பகுதி ஆறே வருடத்தில் துருவேறிப் போனது. புது எஸ்.யூ.வி. வாங்கினால் எப்படிக் காப்பாற்றுவது?
– வாசகி, குளச்சல்

உப்புக்காற்றில் எந்த கம்பெனி வண்டியும் துருப்பிடிக்கும். எவ்வளவு சீக்கிரம் என்பது உங்கள் கையில் இருக்கிறது. ஆடி மாதக் காற்றில் கண்ணாடியை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கிறதல்லவா, அதே படிவம் வண்டிக்கு அடியிலும் இருக்கிறது. அங்கே யாரும் துடைப்பதில்லை. காற்று ஈரமாக இருக்கும்வரை அந்த உப்பு தண்ணீரை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்னும்.

முதலில் தண்ணீர். கடலோர ஊர்களில் பல கிணறுகளிலும் போர்வெல்லிலும் தண்ணீரே உப்பாக இருக்கும். அந்தத் தண்ணீரில் வாரம் ஒரு தடவை வண்டி கழுவுவது உப்பை மேலும் பூசுவதுதான். குடிதண்ணீர்க் குழாயிலிருந்தோ மழைநீர்த் தொட்டியிலிருந்தோ எடுத்து அடிப்பகுதியை மட்டுமாவது பத்து நாளுக்கு ஒரு தடவை கழுவுங்கள். கடற்கரை மணலில் ஓட்டிவிட்டு வந்தால் அன்றைக்கே கழுவ வேண்டும். நாளைக்கு என்று தள்ளக் கூடாது. சக்கர வளைவின் உள்விளிம்பு, பம்பருக்குப் பின்புறம், பின்பக்க அச்சு, சைலன்சர் தொங்கும் கொக்கிகள் – இந்த நான்கிலும் மணலும் உப்பும் தங்கும். பம்பு அழுத்தத்தோடு அடிக்கும்போது வயர் இணைப்புகள், ஹாரன், ஆல்டர்னேட்டர் பக்கம் நேராக அடிக்காதீர்கள். கழுவி முடித்ததும் இரண்டு, மூன்று கி.மீ. மெதுவாக ஓட்டி, பிரேக்கை லேசாக மிதித்து டிஸ்க்கைக் காயவைத்து நிறுத்துங்கள்.

அடுத்தது கதவுகளின் கீழ்விளிம்பு. ஒவ்வொரு கதவின் அடியிலும் மூன்று நான்கு சின்ன ஓட்டைகள் இருக்கும், உள்ளே போன மழைத்தண்ணீர் வடிவதற்கு. மணலும் தூசியும் அடைத்துவிட்டால் தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியே பெயின்ட் குமிழாக எழும்பும்போது உள்ளே தகடு போயிருக்கும். மாதம் ஒருமுறை மரக்குச்சியால் குத்திவிட்டால் போதும். கம்பி வேண்டாம், பெயின்ட் உரியும். டிக்கிக் கதவின் அடியிலும் இதே போல.

அடிப்பூச்சு அடிப்பது நல்லது, ஆனால் அடிக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. புது வண்டியில் முதல் மாதத்திலேயே, சுத்தமாகக் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு அடிக்க வேண்டும். ஏற்கனவே துரு இருக்கிற இடத்தில் கறுப்பு ரப்பர் பூச்சை அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு துரு இரட்டை வேகத்தில் போகும். வெளியே பார்க்கும்போது பளபளவென்று இருக்கும் என்பதுதான் மோசம். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சட்டத்தின் வடிகால் ஓட்டைகளைப் பூச்சால் மூடிவிட வேண்டாம் என்று கூடவே நின்று சொல்லுங்கள். அந்தச் சட்டத்தின் உள்ளே மெழுகு வகைத் துருத்தடுப்பான் பீய்ச்சச் சொல்லுங்கள். வெளிப்பூச்சைவிட அதுதான் உபயோகம். வெளியில் பூச்சடித்தால் துரு உத்தரவாதம் செல்லுமா என்று டீலரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

பத்தாயிரம் கி.மீ. சர்வீஸில் பிரேக் காலிப்பரின் வழுக்குப் பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கான கிரீஸ் போடச் சொல்லுங்கள். கடலோர வண்டிகளில் ஒரு பக்க பிரேக் பேட் மட்டும் தேய்வதற்கு இந்தப் பின் சிக்கிக்கொள்வது ஒரு முக்கியக் காரணம். வெளியூர் போய் ஒரு வாரம் வண்டி நிற்கும் என்றால் ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விட்டு, டயருக்குக் கல் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவது வேண்டாம். உள்ளே வேர்த்து, உப்போடு ஈரத்தையும் அடைத்து வைக்கும். கூரைக்கு அடியில் திறந்து நிற்பதே மேல்.

குலசேகரத்துக்கு மேலே ரப்பர் விளைக்குள் வீடு. செம்மண் பாதை, மழையில் வழுக்கும். காளிகேசம், கோதையாறு பக்கமும் போவோம். ஃபோர் வீல் டிரைவ் கட்டாயம் வேண்டுமா?
– வாசகர், குலசேகரம்

வீட்டுப் பாதை எவ்வளவு செங்குத்து என்பதைப் பொறுத்தது. கார்த்திகை மழையில் இப்போது எந்த வண்டி ஏறுகிறது என்று பாருங்கள். பால் வண்டியும் சாதாரண ஆட்டோவும் ஏறுகிற பாதை என்றால் முன்சக்கர இயக்கமும் நல்ல டயரும் போதும். ஜீப் மட்டும்தான் ஏறும் என்றால் கேள்விக்கே இடமில்லை, நாலு சக்கர இயக்கம் வேண்டும். கிராண்ட் விட்டாராவின் ஆல்கிரிப் என்ற நாலு சக்கர இயக்க வகை ஈரச் செம்மண்ணுக்கு எதேஷ்டம், ஆழமான சகதிக்கும் பாறைக்கும் ஸ்கார்ப்பியோ-என் டீசல் 4எக்ஸ்புளோர் போல லோ-ரேஞ்ச் கியர் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் கியர்) உள்ளது வேண்டும்.

பலர் கவனிக்காத விஷயம் டயரின் பக்கச்சுவர். 215/60 ஆர்17 டயரில் பக்கச்சுவர் 129 மி.மீ.; 205/65 ஆர்16 டயரில் 133. பெரிய ரிம் போட்ட மேல்வகையைவிட, 16 அங்குல ரிம் போட்ட நடுவகை குழியிலும் கல்லிலும் மெத்தென்று போகும், ரிம் வளைவதும் குறைவு, டயர் விலையும் குறைவு. அழகுக்கு 18 அங்குல அலாய் மாற்றுவது விளைப்பாதைக்காரர்கள் செய்யக் கூடாத காரியம். டயரின் பள்ளம் 3 மி.மீ.க்குக் குறைந்தால் சட்டப்படி ஓடலாம் என்றாலும் ஈரச் செம்மண்ணில் பிடிக்காது, மாற்றிவிடுங்கள்.

ரப்பர் இலை உதிரும் மாதங்களில் ஒரு வேலை இருக்கிறது. முன் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் இடையிலுள்ள கறுப்புத் தட்டியைப் பாருங்கள். இலைகள் அதன் இடுக்கில் விழுந்து மக்கி, தண்ணீர் வடியும் குழாயை அடைக்கும். அடுத்த பெருமழையில் தண்ணீர் ஏ.சி. காற்றுப் பாதை வழியாக முன்பக்கப் பயணியின் காலடியில் இறங்கும். கார்ப்பெட் நனைந்தால் நாற்றம் மட்டுமல்ல, அடியில் ஓடும் வயர் இணைப்புகளும் கெடும். வாரம் ஒரு தடவை கையாலேயே இலையை அள்ளிப் போடலாம். ஏ.சி. வடிகட்டியையும் அப்போது கழற்றிப் பாருங்கள், எலி கூடு கட்டுவது அங்கேதான்.

காட்டுப்பகுதிக்குள் போவதற்கு வனத்துறை அனுமதி வேண்டிய இடங்கள் உண்டு, விசாரித்துவிட்டுப் போங்கள். மலையிறங்கும்போது ஆட்டோமேட்டிக் வண்டியை 'டி'யிலேயே விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், எல் அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றி எஞ்சினால் வேகத்தைப் பிடியுங்கள். பிரேக் காய்ந்து கருகிய வாடை வந்தால் அது எச்சரிக்கை, ஓரமாக நிறுத்தி பத்து நிமிடம் ஆறவிடுங்கள்.

எங்கள் வீட்டு கேட் ஏழு அடி. பெரிய எஸ்.யூ.வி. நுழையுமா?
– வாசகர், வடசேரி

ஏழு அடி என்றால் 2,134 மி.மீ. கிரெட்டா அகலம் 1,790; கண்ணாடியை மடக்கினால் இரண்டு பக்கமும் 17 செ.மீ. கிடைக்கும். ஸ்கார்ப்பியோ-என் 1,917, பக்கத்துக்கு 11 செ.மீ. கூட வராது. கேட் நேராக இருந்தால் இரண்டுமே நுழையும். தெருவிலிருந்து திரும்பித்தான் நுழைய வேண்டும் என்றால் பெரியதை மறந்துவிடுங்கள்.

நான்கு மீட்டர் நீளத்துக்குள் உள்ள வண்டிகளையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு நான்கு மீட்டருக்குள், 1,200 சி.சி.க்குள் உள்ள பெட்ரோல் வண்டிகளுக்கும் 1,500 சி.சி.க்குள் உள்ள டீசல் வண்டிகளுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், மற்ற பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு 40. நெக்ஸான் 1.2 பெட்ரோல் 18-க்குள் வரும். பிரெஸ்ஸா நீளத்தில் சின்னது என்றாலும் எஞ்சின் 1,462 சி.சி. என்பதால் 40. ஒரே அளவுள்ள வண்டிகளின் விலை வித்தியாசத்தில் இந்த வரிக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலி போகும்போது காற்று வண்டியைத் தள்ளுகிறது. உயரமான வண்டி ஆபத்தா?
– வாசகி, தோவாளை

காற்றாலைகள் அங்கே நிற்பதே கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றுக்காகத்தானே. உயரமான வண்டிக்குப் பக்கவாட்டுப் பரப்பு அதிகம் என்பதால் தள்ளு கூடுதலாக இருக்கும். ஆபத்து இல்லை, வேகத்தைக் குறைத்தால் போதும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அந்தப் பகுதியில் 70-க்கு மேல் வேண்டாம். லாரியை முந்தும்போது கவனம் தேவை. லாரி மறைக்கும்வரை காற்று இருக்காது, முந்தி வெளியே வந்ததும் ஒரே அடியாகத் தள்ளும். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும், அந்த நொடியில் வளைத்துத் திருப்பாதீர்கள். கூரைமேல் கேரியரில் பெட்டி ஏற்றினால் தள்ளு இன்னும் கூடும்.

ஆறு பேர் குடும்பம். ஏழு இருக்கை எஸ்.யூ.வி. எடுக்கலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

மூன்றாவது வரிசையில் எப்போதும் ஒருவர் உட்காருவார் என்றால் எஸ்.யூ.வி.யைவிட இன்னோவா ஹைகிராஸ், கேரன்ஸ், எர்டிகா போன்ற வண்டிகள்தான் நிம்மதி. எஸ்.யூ.வி.யில் மூன்றாவது வரிசையின் தரை உயரமாக இருக்கும், முழங்கால் நெஞ்சுக்கு வரும். மூன்று வரிசையும் நிமிர்த்திவிட்டால் டிக்கியில் ஒரு பள்ளிப் பைதான் போகும். மாதத்தில் ஒன்றிரண்டு நாள்தான் ஆறு பேர் என்றால் எக்ஸ்.யூ.வி.700 (இப்போது எக்ஸ்.யூ.வி. 7எக்ஸ்.ஓ. என்ற பெயரில் வருவது) எடுக்கலாம். வீட்டில் உயரமான பிள்ளையைப் பின்னால் கால் மணி நேரம் உட்காரவைத்து ஓட்டிப் பார்த்த பிறகு பேசுங்கள். பெரியவர்களை அங்கே அனுப்பவே கூடாது.

திருவனந்தபுரத்தில் கேரளப் பதிவெண் உள்ள நல்ல எஸ்.யூ.வி. ஒன்று கைமாற்றுக்கு வந்திருக்கிறது. என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், களியக்காவிளை

காகிதம் முதலில். அங்குள்ள ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28-இல் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். கடன் இருந்தால் படிவம் 35 கொடுத்து அதை நீக்கிய பிறகே பணம் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30; புதுப் பதிவெண்ணுக்குப் படிவம் 27. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவெண் கட்டாயம். தமிழ்நாட்டு வரி தனியாகக் கட்ட வேண்டும், அதையும் சேர்த்துத்தான் வண்டி மலிவா என்று பார்க்க வேண்டும். விற்பவர் "என் பேரிலேயே ஓட்டிக்கொள்ளுங்கள்" என்றால் விலகிவிடுங்கள். விபத்து நடந்தால் இரண்டு பேருக்கும் வம்பு.

அடுத்தது தண்ணீர். 2018 வெள்ளத்தில் கேரளத்தில் மூழ்கிய வண்டிகள் சுத்தம் செய்யப்பட்டுச் சந்தைக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கறைக் கோடு இருந்தால் வண்டி மூழ்கியிருக்கிறது. இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல், ஏ.சி. போட்டதும் ஈர நாற்றம், ஹெட்லைட்டுக்குள் பனி – இவற்றில் இரண்டு இருந்தாலே வேண்டாம். ஒரே உரிமையாளர் ஐந்து ஆண்டுக்கு மேல் ஓட்டிய வண்டியின் காப்பீட்டுப் பத்திரத்தையும் கேளுங்கள். கோரிக்கை எதுவும் வைக்காதவருக்கு நோ கிளைம் போனஸ் 50 சதவீதம் வரை ஏறியிருக்கும். பூஜ்யம் என்றிருந்தால் போன ஆண்டு என்ன ஆனது என்று கேட்கலாம்.

உங்கள் பேரில் புதிதாகப் போடும் காப்பீட்டில் எஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கையை விடாதீர்கள். தாழ்ந்த சாலையில் தண்ணீர் புகுந்து வண்டி நின்றால் சாவியைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். அந்தச் செலவைச் சாதாரணப் பாலிசி பொதுவாக ஏற்பதில்லை.

சன்ரூஃப் வேண்டுமா?
– வாசகி, கருங்கல்

வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நான்கு மூலையிலும் மெல்லிய வடிகால் குழாய்கள் இருக்கும். தென்னம்பாளைத் தூளும் இலையும் அடைத்தால் தண்ணீர் கூரைத்துணி வழியாக இறங்கும். பிள்ளைகள் ஓடும் வண்டியில் தலையை நீட்டுவது அதைவிடக் கவலை. அந்தப் பணத்துக்கு ஆறு காற்றுப்பைகள் உள்ள வகை, பின்னிருக்கையில் குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள், நல்ல குழந்தை இருக்கை ஒன்று வாங்கலாம்.

டெலிவரி எடுக்கும் நாளில் என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், திங்கள்சந்தை

டெலிவரி நாளில் பார்த்தால் தாமதம். பதிவு செய்வதற்கு முன், டீலரின் யார்டில் நிற்கும்போதே பாருங்கள். பதிவெண் விழுந்த பிறகு வண்டியை மாற்றித் தர மாட்டார்கள். வி.ஐ.என். என்ற வண்டி அடையாள எண்ணை வைத்துத் தயாரிப்பு மாதத்தைக் கேளுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-வது வாரம். ஐந்து டயரும், ஸ்டெப்னி சேர்த்து, பக்கத்துப் பக்கத்து வாரங்களாக இருக்க வேண்டும். திறந்த யார்டில் மழையிலும் உப்புக்காற்றிலும் மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் பிரேக் டிஸ்க்கில் சாதாரண மேல்துருவுக்குப் பதிலாகத் தடித்த பொருக்கு இருக்கும், பேட்டரி முனையில் வெள்ளைப் பூ பூத்திருக்கும். பேட்டரி வோல்ட்டை அளக்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடாமல் 12.4-க்குக் கீழே காட்டினால் நன்றாகச் சார்ஜ் ஏற்றி மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள், ஏற்றியும் நிற்காவிட்டால் புதுப் பேட்டரி கேளுங்கள். கதவு, பானெட் இடைவெளிகளை வெயிலில் பாருங்கள், ஷோரூம் விளக்கில் எதுவும் தெரியாது.